சிற்றில் சிறுமையன்று

தமிழிலே மக்கள் குடியிருக்கும் இடத்தைக் குறிக்குஞ் சொற்கள் மிகப் பல. இல், மனை, அகம், உறையுள், குடில், குரம்பை, வீடு என அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள்ளே ‘வீடு’ என்பது ‘விடு’ என்னும் பகுதி முதல் நீண்டு நின்ற தொழிற்பெயர். பகலெல்லாம் பட்ட பாட்டினின்றும் விடுபட்டு மனிதன் ஒதுங்குமிடம் வீடு; பிறவித் தளையினின்றும் விடுபட்டு உயிர் சென்றடையும் நிலையும் வீடு. ‘குரம்பை’ என்பதோ சிறு குடிலுக்கும் பெயர். உயிர் சிலகாலம் தங்கிச் செல்லும் உடம்புக்கும் பெயர். ஒரு சொல்லுக்குள்ளே ஒரு தத்துவத்தைப் பொதிந்துவைத்த நம் முன்னோரின் நுண்ணறிவை வியவாதிருத்தல் இயலாது.

சில மாதங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே இச்சொற்களை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, லயம் என்ற சொல்லையும் இந்த வரிசையிலே சேர்க்கலாமா?” என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ்ஸேறி வருபவள். லயத்திலே பிறந்து லயத்திலே வளர்பவள். நானும் அவ்வாறே வளர்ந்தவன்.

லயம் என்பது வடமொழியிலே ஒன்றுதலையும் ஒடுங்குதலையும் குறிக்கும். இசையிலே அது காலப் பிரமாணம். யோகத்திலே மனம் அடங்குதல். ஆனால் தேயிலை மலைகளிலே வழங்கும் லயத்துக்கும் இவற்றுக்கும் உறவில்லை. வரிசை எனப் பொருள்படும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் லயன் ஆகி, லயம் ஆயிற்று. குதிரை கட்டும் லாயத்திலிருந்து வந்ததென்று சிலர் கூறுவர். சொல்லாராய்ச்சியில் அது பிழை. பொருளாராய்ச்சியில் முற்றும் பிழையென்று சொல்ல என் நா எழவில்லை. லயத்தின் ஒவ்வோர் அறைக்கும் ‘காம்பரா’ என்று பெயர், அது போர்த்துக்கேயம். முன்புறத் திண்ணைக்கு ‘இஸ்தோப்பு’ என்று பெயர், அது ஒல்லாந்தம். மூன்று ஐரோப்பிய மொழிகள் கூடிப் பெயரிட்ட அந்த இருப்பிடத்துக்குத் தமிழர் கொடுத்தது தம் உழைப்பு ஒன்றுதான்.

அம்மாணவி மறுநாள் சித்திரச் சஞ்சிகையொன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தாள். மேல்நாடுகளிலே இப்போது பரவிவருஞ் சிறு வீடுகளைப்பற்றிய கட்டுரை அது. தொழிற்சாலையிலே பகுதி பகுதியாகச் செய்து கொண்டுவந்து சில நாள்களிற் பொருத்திவிடும் மரவீடுகள். மடக்கினாற் கட்டில், விரித்தால் மேசை. வேண்டாத பொருள்களை யெல்லாம் கழித்துவிட்டு, இயற்கைக்குத் தீங்கு செய்யாது, சிலவற்றோடு மனநிறைவாக வாழும் மாந்தர். படங்கள் அழகாகவே இருந்தன. “ஐயா, இவர்கள் காசு கொடுத்து எங்கள் காம்பராவை வாங்குகிறார்களா?” என்றாள் அவள்.

அவ்வினாவுக்கு அன்று விடை சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. இக்கட்டுரை அதற்கு விடைகாணும் முயற்சி என்க.

சிறுகக் கட்டிப் பெருக வாழ்தல் நமக்குப் புதிய கொள்கையன்று. புறநானூற்றின் 189ஆம் பாட்டிலே நக்கீரனார், உலகாளும் மன்னனுக்கும் காட்டிலே துயிலாது விலங்கு தேடும் வேட்டுவனுக்கும் உணவாலும் உடையாலும் வேண்டுவன ஒரே அளவினவே என்று காட்டி, செல்வம் பெற்றதன் பயன் பிறர்க்கு வழங்குதலே என முடிக்கிறார். திருக்கோவலூர் இடைகழியின் கதையை அறியாதார் யார்? மழையிருளிலே ஒதுங்கிய முதலாழ்வார் மூவருள் ஒருவர் மட்டும் இருந்தபோது படுக்க இடமிருந்தது. இருவரானபோது அமர இடமிருந்தது. மூவரானபோது நிற்கவே இடமிருந்தது. நான்காவதாக ஒருவன் வந்து நெருக்க, அந்நெருக்கத்திலே பிறந்தன மூன்று அந்தாதிகள். இடம் குறுகக் குறுக உள்ளம் விரிந்த வரலாறு அது.

மேல்நாட்டாருக்கும் இக்கொள்கைக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்க அறிஞர் தோரோ 1845ஆம் ஆண்டு வால்டன் குளக்கரையிலே பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமுங் கொண்ட குடிலொன்றைத் தம் கையாலேயே கட்டி, ஜூலை 4ஆம் நாள் குடிபுகுந்தார். அதற்கான செலவை ஒரு சதமும் விடாது எழுதிவைத்திருக்கிறார்; மொத்தம் இருபத்தெட்டு டொலரும் பன்னிரண்டரைச் சதமும். இரண்டாண்டுகளுக்குச் சற்று மேலாக அங்கு தனித்து வாழ்ந்து, 1854இல் ‘வால்டன்’ என்னும் நூலை வெளியிட்டார். இன்று சிறுவீடு போற்றுவோர்க்கெல்லாம் அந்நூல் வேதம்.

அந்நூலிலே பலரும் விரைந்து கடந்துவிடும் செய்தியொன்றுண்டு. தோரோ தம் குடிலுக்குரிய பலகைகளைப் பெற்றது எங்கே? அவ்வழியாகச் சென்ற புகையிரதப் பாதையிலே வேலைசெய்த அயர்லாந்துத் தொழிலாளியொருவரின் குடிசையை நாலேகால் டொலருக்கு வாங்கிப் பிரித்தெடுத்தார். மறுநாட் காலையிலே அத்தொழிலாளி தம் குடும்பத்தோடு வெளியேறினார். படுக்கை, கோப்பிக்கொட்டை அரைக்கும் யந்திரம், முகம் பார்க்குங் கண்ணாடி, கோழிகள் ஆகிய அவர்களது உடைமை முழுவதும் ஒரே மூட்டைக்குள் அடங்கியிருந்தன. அறிஞர் சிறிய வீட்டிற் புகுந்து உலகப் புகழ் பெற்றார். மூட்டையோடு நடந்த குடும்பம் எங்கே போயிற்று என்பதை நூல் சொல்லவில்லை. அதே 1840களிலேதான் நம் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, இவ்வாறே ஒற்றை மூட்டையோடு காட்டுவழி நடந்து, கண்டிச் சீமைக் கோப்பித் தோட்டங்களுக்கு ஏறிவந்தார்கள்.

நிற்க. இனி ஒரு கணக்குப் பார்ப்போம். தோரோவின் குடில் நூற்றைம்பது சதுர அடி. பழைய லயக் காம்பராவின் வழக்கமான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது நூற்றிருபது சதுர அடி. அங்கே ஒருவர்; இங்கே ஒரு குடும்பம். எங்கள் காம்பராவிலே நாங்கள் ஏழுபேர். தகரக் கூரை, சாணி மெழுகிய தரை, ஒரு கதவு, அடுப்பும் உள்ளேயே. இடைச்சுவர்கள் கூரைவரை எட்டாதவை. ஆதலின் முதற் காம்பராவிற் குழந்தை அழுதாற் கடைசிக் காம்பராவிலுள்ளோர் விழிப்பர். இரவிலே அம்மாவும் அக்காவும் அடுப்போரம். நாங்கள் பையன்கள் இஸ்தோப்பிலே, ஒரே கம்பளிக்குள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அதற்குச் சற்றுக் கீழேயிருந்த எங்கள் தோட்டத்திலும் மார்கழிப் பனி எலும்பைத் தொடும்.

எங்கள் உடைமைகள் யாவை? மூன்று பானை, ஒரு தகரப் பெட்டி, கொழுந்துக் கூடை, படங்குச் சாக்கு, அப்பாவின் கவ்வாத்துக் கத்தி, ஒரு லாந்தர், சுவாமி படம். சஞ்சிகை போற்றும் எளிமையை நாங்கள் விரதமாக அன்றி விதியாகவே அனுட்டித்தோம். ஆயினும் அம்மா அந்தப் பத்தடியை எவ்வளவு துப்புரவாக வைத்திருந்தார்! பிரட்டுக்குச் செல்லுமுன் தரை மெழுகிக் கோலமிட்டுத்தான் கூடையைத் தலையில் மாட்டுவார். சிறிய இடத்தைச் சீராக ஆளுங் கலையை நான் எந்தச் சஞ்சிகையிலும் கற்கவேண்டியதில்லை.

ஆகவே சிறுமை அளவிலே இல்லை. எங்கேயிருக்கிறது? தோரோவும் பிறர் நிலத்திலேதான் குடிலமைத்தார். அந்நிலம் அவர் நண்பர் எமர்சனுடையது. ஆனால் அவர் விரும்பிப் புகுந்தார், விரும்பியபோது வெளியேறினார், திரும்பிச் செல்லத் தாய்வீடு அருகே இருந்தது. லயத்திலிருப்பவரோ தோட்டத்திலே பெயர் இருக்கும்வரை இருப்பவர். பெயர் வெட்டப்பட்டாற் கதவும் அடைபடும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்ட நாள்தொட்டு, காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசுடைமையாக்கிய காலத்திலும், 1992இல் அவை மீண்டுங் கம்பெனிகளின் நிருவாகத்துக்குச் சென்ற பின்னரும், இந்த முடிச்சு அவிழவில்லை. 1947இலே தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராய்த் தெரிவான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டதன் உட்பொருள் இதுவே. கூரையின்கீழ் வாழ்ந்தும் வீடற்றவன். ஏனெனில் விடுபடுதற்கு இடமில்லாதவன்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். இளமையிலே எனக்கொரு நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் வந்தது. லயக் காம்பராவுக்கு இலக்கமில்லை; தெருப்பெயரில்லை; கடிதங்கள் யாவுந் தோட்டக் காரியாலயத்துக்கே வரும். என் கடிதம் மேசையொன்றிலே பன்னிரண்டு நாள் கிடந்தது. அது என் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து மூன்று நாளாகியிருந்தது. எவரும் தீங்கு நினைத்து அதைச் செய்யவில்லை. முகவரி இல்லாதவனுக்கு அவசரம் இராது என்று கருதியிருப்பார்கள். ஓராண்டு கழித்தே நான் கல்லூரி புகுந்தேன். என்னோடு படித்த வேறொருவனுக்கும் அவ்வாறே ஆயிற்று. அவன் அந்த ஓராண்டு காத்திராமற் கொழும்புக் கடையொன்றுக்குப் போய்விட்டான்.

காலம் ஓரளவு மாறியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு முதல், தோட்டக் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் நிலத்திலே தனிவீடு என்னுங் கொள்கை செயலுக்கு வந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி. அதிலே கட்டப்படும் வீடு 550 சதுர அடி. இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, மலசலகூடம். இந்திய அரசின் உதவியிலே முதலில் நாலாயிரம் வீடுகள் மலையகத்துக்கென ஒதுக்கப்பட்டன. 2017 மே 12ஆம் நாள் நோர்வூட் மைதானத்திலே இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். அவற்றின் முதற் பகுதியாக 1,300 வீடுகளின் வேலை 2024 பெப்ரவரியில் தொடங்கிற்று. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணஞ் செலவிடத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு 2018இலே திருத்தப்பட்டது. இவை நற்செய்திகளே. எனினும் பல்லாயிரங் குடும்பங்கள் இன்றும் லயங்களிலேதான் இருக்கின்றன.

அவர்களுள் எவருக்கும் ஆற அமரக் காத்திருக்க நேரமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2025 நவம்பர் இறுதியிலே திட்வா புயல் மலையகமெங்கும் மண்சரிவை விளைத்தது. இத்தகைய வேளையிலேதான் விரைந்து பொருத்தும் வீடுகளைப்பற்றிய பேச்சு எழுகிறது. என் பழைய மாணவர் ஒருவர் இன்று கட்டடத்துறைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். அவர் என்னிடம், “ஐயா, செங்கல்லும் மணலும் சீமெந்தும் இந்த ஏற்றத்திலே தலைச்சுமையாகப் போவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். பகுதிகளாகச் செய்து கொண்டுவந்தால் ஒரு கிழமையிற் கூரை நிற்கும்” என்றார். அவர் கூற்றைத் தள்ளிவிட முடியாது.

பொருத்து வீடு புதுமையுமன்று. 1829இலே இலண்டனிற் பாமர் என்பவர் நெளிதகரத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1830களிலே அந்நகரத் தச்சராகிய மானிங் என்பவர், அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வோர் கப்பலிலே கொண்டுசென்று பொருத்திக்கொள்ளத்தக்க மரவீடுகளைச் செய்து விற்றார். தொலைதேசத்திலே விரைவாகக் குடியேற விரும்பியவர் கண்ட உபாயம் இது. நம் லயத்தின் தகரமும் அவ்வழி வந்த பொருளே.

ஆயினும் விரைவு ஒன்றே அளவுகோலாகாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. போரினால் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் அமைக்கும் முயற்சி 2016ஆம் ஆண்டளவிலே எழுந்தது. வீடொன்றின் செலவு ஏறத்தாழ இருபத்தொரு இலட்சம் ரூபா எனக் கூறப்பட்டது. அதற்கு முன்னர் அதே பிரதேசத்திலே இந்திய உதவித் திட்டத்தில் குடும்பமொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட, மக்கள் தாமே கல்வீடு கட்டியிருந்தனர். வெப்பம் தாங்குமா, விறகடுப்புக்கு இடமெங்கே, பிள்ளைக்கு மணமானால் ஓரறை கூட்ட முடியுமா, துருப்பிடித்தாற் கிராமத்துக் கொத்தனார் திருத்த இயலுமா என்று மக்களும் கட்டடக் கலைஞரும் கேட்டனர். திட்டம் கைவிடப்பட்டது. அக்கேள்விகள் மலையகத்துக்கும் பொருந்தும். வெப்பத்துக்குப் பதிலாகக் குளிரென்று மாற்றிக்கொண்டாற் போதும்.

இயற்கையோடு இயைந்த சிறுவீட்டுக்கு நமக்கு அண்மையிலேயே ஆசான்கள் இருக்கின்றனர். கேரளத்திலே வாழ்ந்து 2007இல் மறைந்த லாறி பேக்கர், செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைப் பரப்பினார். அதனாற் செங்கல்லிலே ஏறத்தாழ நாலிலொரு பங்கு மிஞ்சும். சுவரினுள்ளே நிற்குங் காற்று வெப்பத்தையுங் குளிரையும் தடுக்கும். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள ஆரோவில்லிலே மேன்மண்ணை விலக்கி அடிமண்ணை எடுத்து, நூற்றுக்கு ஐந்து பங்களவு சீமெந்து கலந்து, பொறியினால் அழுத்திக் கல்லாக்குகிறார்கள். அக்கல்லைச் சூளையிலிட வேண்டுவதில்லை. ஆதலின் விறகுக்காக ஒரு மரமும் விழுவதில்லை. கல் செய்யுமிடம் வீடு எழுமிடத்துக்கு அருகேயே இருக்கலாம். கூரைச் சட்டம், கதவு, யன்னல், நீர்க்குழாய் முதலியவற்றைத் தொழிற்சாலையிலே செய்து, சுவரை மண்ணின் கல்லால் எழுப்பினால், என் மாணவர் கேட்கும் விரைவும் மலை கேட்கும் உறுதியும் ஒருங்கே கிட்டும் என்பது என் தாழ்மையான எண்ணம்.

சரிவிலே வீடு சிறிதாயிருப்பது நன்மையுமாகும். பெரிய வீட்டுக்குப் பெரிய தளம் வேண்டும். பெரிய தளத்துக்கு மலையை ஆழ வெட்டவேண்டும். வெட்டிய மண் மழையிலே இறங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் இடத்தைப் பார்த்துச் சொன்ன பின்னரே அத்திவாரம் இடுதல் வேண்டும் என்னும் விதி இதன்பொருட்டே. மலையைக் குறைவாக வெட்டி, வடிகாலை நன்கு அமைத்து, குறைந்த இடத்திலே நிறைந்து வாழ்தல் இம்மண்ணுக்கேற்ற அறம்.

என் அக்கா சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஏழு பேர்ச் வீடொன்றிற் குடிபுகுந்தார். நாற்பதாண்டு கொழுந்து பறித்த கைகள் அந்த வீட்டுச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தன. “இனி நான் சண்டை போட்டாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது தம்பி” என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, “ராத்திரியில நெஞ்சு வலிச்சாலும் கேக்காதே” என்றார். லயத்திலே நெருக்கம் தந்த துன்பமும் உண்டு, துணையும் உண்டு. வீடுகளைத் திட்டமிடுவோர் இந்த இரண்டாவது வாக்கியத்தையும் ஏட்டிலே குறித்துக்கொள்ள வேண்டும். கொல்லைப்புறத்திலே அவரே தகரஞ் சார்த்தி விறகடுப்பு வைத்திருக்கிறார். வரைபடத்திலே அதற்கு இடமிருக்கவில்லை.

அக்கா ஒரு கடதாசியை எடுத்துவந்து வாசிக்கச் சொன்னார். வீட்டைக் கையளித்ததற்கான பத்திரம் அது, காணி உறுதியன்று. உறுதி பின்னர் வருமென்று சொல்லியிருக்கிறார்களாம். நான் வாசித்துச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. பத்திரத்தை மடித்து மீண்டும் தகரப் பெட்டிக்குள் வைத்தார். எங்கள் பழைய தகரப் பெட்டிதான்.

நம் இலக்கியத்திலே பெண் குழந்தைகள் மணலாற் கட்டி விளையாடும் வீட்டுக்குச் ‘சிற்றில்’ என்று பெயர். நாச்சியார் திருமொழியிலும் பிள்ளைத்தமிழிலும் அக்குழந்தைகள் வேண்டுவது ஒன்றே: வீட்டைப் பெரிதாக்கித் தா என்றல்ல, காலால் அழியாதிரு என்றுதான். அளவிலே அவர்களுக்குக் குறையில்லை; நிலைபேற்றிலேதான் அச்சம். மாணவிக்கு நான் சொல்லத் தவறிய விடை இதுவே. குழந்தாய், அவர்கள் வாங்குவது உன் காம்பராவையன்று. அவர்கள் வாங்குவது சிறிய இடத்தையும் அதனோடு சேர்ந்த மூன்று உரிமைகளையும்: தெரிந்தெடுக்கும் உரிமை, தங்கும் உரிமை, விட்டுச் செல்லும் உரிமை. அம்மூன்றும் உள்ள நூற்றிருபது சதுர அடி ஆசிரமம். அவை இல்லாத ஆயிரஞ் சதுர அடியும் லயமே. எளிமையைப் புகழ்வோர், அதனைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் உண்டா என்று முதலிற் பார்த்தல் வேண்டும்.

அன்று நான் விடைபெறும்போது அக்கா வாசல்வரை வந்தார். கதவின்மேல் வெள்ளை வர்ணத்தால் எழுதிய வீட்டிலக்கத்தைக் காட்டி, “தம்பி, இந்த விலாசத்துக்கு எனக்கு ஒரு காயிதம் போடு. வருதான்னு பாப்போம்” என்றார். வீடு திரும்பியதும் எழுதினேன். சுகம் விசாரித்து நாலு வரி, வேறொன்றுமில்லை. நாலாம் நாள் தபாற்காரர் அக்காவின் வாசலிலே நின்று அவர் பெயர் சொல்லி அழைத்தாராம். அக்கடிதத்தை அவர் சுவாமி படத்தின் கீழே வைத்திருக்கிறார். காணி உறுதி வரும் நாளிலே அதற்கும் அங்கேயே இடமுண்டு.